பாரி மகளிரும் கருணாபுரத்துப் பெண்களும்

திருக்கோவிலூரை ஒட்டி ஓடும் தென்பெண்ணை ஆற்றுக்குள் ஒரு பாறை நிற்கிறது. கபிலர் குன்று என்பார்கள். பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்டுப் பாரி மாண்ட பிறகு, அவனுடைய இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு கபிலர் ஊர் ஊராக அலைந்தார். கடைசியில் மலையமான் நாட்டுக்கு வந்து, ஏற்ற பொறுப்பை முடித்துவிட்டு இந்தப் பாறையில் உயிர்விட்டார் என்பது மரபு. கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் ராஜராஜன் காலக் கல்வெட்டு ஒன்றும் இந்தச் செய்தியைச் சொல்கிறது. அந்தப் பெண்கள் பாடியதாக நமக்கு மிஞ்சியிருப்பது புறநானூற்றின் 112-ஆம் பாட்டு ஒன்றுதான். ஐந்தே அடி. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையில் தகப்பனும் போய், மலையும் கைவிட்டுப் போன கதை. உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சிலேற்றியதிலிருந்து இன்றுவரை அது பள்ளிப் பாடம், மேடைப் பேச்சு, தமிழ்க் கவிதையின் உச்சத்துக்கு எடுத்துக்காட்டு. அதில் துக்கத்தோடு இன்னொன்றும் இருக்கிறது. மலையை எடுத்துக்கொண்டவர்கள் யார் என்பதையும் அந்தப் பெண்கள் சொல்லிவிடுகிறார்கள். வென்ற களிப்பில் இருக்கும் வேந்தர்களை நோக்கி விரல் நீட்டும் பாட்டு அது.

திருக்கோவிலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட மாவட்டம். அதன் தலைநகருக்குள்ளேயே இருக்கிறது கருணாபுரம். அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், வாழும் பகுதி. 2024 ஜூன் 18-க்குப் பிந்தைய நாட்களில், மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்து அங்கும் சுற்றுப்புறத்திலும் 60-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மாண்டவர்களில் பெண்களும் உண்டு. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கொண்டுபோன உடல்கள் திரும்பி வந்தன. கோமுகி ஆற்றங்கரையில் சிதைகளை வரிசையாக அடுக்கவேண்டி வந்தது. ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் பந்தல் போட்டு, பெண்கள் ஒப்பாரி வைத்து அழுததைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. செய்தியில் அந்த ஒப்பாரி பின்னணி ஒலியாகத்தான் வந்தது. அதன் மேல் செய்தியாளரின் குரல். அதன் கீழ் ஓடிக்கொண்டிருந்த சாவு எண்ணிக்கை.

ஒரே மாவட்டத்து மண். அங்கும் இழவு, இங்கும் இழவு. அங்கும் குற்றவாளி உண்டு, இங்கும் உண்டு. ஒன்று நமக்கு இலக்கியமாகிவிட்டது. மற்றது செய்திக் காட்சியாகவோ, ஆய்வாளர் கையில் கிடைத்தால் 'சடங்கு வழக்கம்' என்ற தலைப்புக்குக் கீழே வரும் தரவாகவோ நின்றுவிடுகிறது. இந்தப் பிரிவினைக்குக் காலத் தொலைவை மட்டும் காரணம் காட்ட முடியாது. ஒருவர் பாடுவதைக் கேட்டால் 'எந்தச் சமூகத்தின் வழக்கம் இது?' என்று கேட்கப் பழகியது மானிடவியல். 'இதில் எவ்வளவு அழகு இருக்கிறது?' என்று கேட்கப் பழகியது கலையுலகம். இரண்டும் ஒன்றையொன்று சந்தேகத்தோடே பார்த்து வந்திருக்கின்றன. அழகு பார்க்கிறவர் வாழ்க்கையை மறக்கிறார் என்பது மானிடவியலாளரின் குறை. கவிதையை அறுத்துப் பார்த்துக் கொன்றுவிடுகிறார் என்பது கலைஞரின் குறை. இரண்டு குறையிலும் உண்மை உண்டு. ஆனால் இந்தச் சண்டையில் இரு தரப்பும் ஒத்துப்போகும் இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் நாம் கவலைப்பட வேண்டிய இடம். பாடியவள் யார், யாரைப் பார்த்துப் பாடினாள் என்ற இரண்டு கேள்விகளை இருவருமே எளிதாகக் கைவிட்டுவிடுகிறார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு நம் ஊரில் நீண்ட வரலாறு உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். கே.ரங்காச்சாரியின் துணையோடு அவர் எழுதிய 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்தது. மூக்கின் அகலம், தலையின் நீளம் என்று மனிதர்களை அளந்து குறித்தவர் அவர். அளக்கும் முறையைக் காவல் துறையினருக்கும் கற்றுக்கொடுத்தார். இதே மாவட்டத்துக் கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரைப் பற்றியும் அந்தத் தொகுதிகளில் உண்டு. காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறிய கதையை அவர் பதிவு செய்திருக்கிறார். நல்ல கதை; பதிவு செய்ததற்கு நன்றி சொல்லலாம். அதைச் சொன்னவர் யார், எந்த இரவில் யாருக்குச் சொன்னார், எப்படிச் சொன்னார் என்று தேடினால்தான் ஒன்றும் கிடைக்காது. படங்களுக்குக் கீழேயும் அநேகமாக அதே நிலைதான்: குலத்தின் பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. அதே எழும்பூர் வளாகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்குத் தனிக் கூடம். அங்கே நம் கண் கலையைத் தேடுகிறது. குடிமக்களின் கருவிகளும் அணிகளும் மானிடவியல் பிரிவில். அங்கே நாம் பழக்கவழக்கத்தைத் தேடுகிறோம். செப்புத் திருமேனி வார்த்தவரின் பெயரும் நமக்குத் தெரியாதுதான். ஆனால் அவரைக் கலைஞர் என்று சொல்ல யாரும் யோசிப்பதில்லை. மூங்கில் கூடை பின்னிய மலைப் பெண்ணைப் பற்றிப் பேசும்போதுதான் யோசனை வருகிறது.

பெயரில்லாத வருணனைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒருவரைப் பற்றி உண்மையில்லாததை எழுதினால் அவர் மறுக்கலாம். ஒரு குடியைப் பற்றி எழுதினால் மறுக்க யார் வருவார்? 2024 ஜூனில் கல்வராயன் மலையைச் 'சாராய மலை' என்ற தோரணையில் பேசியவர்கள் பலர். மலையின் பல பகுதிகளில் சாராயம் காய்ச்சப்பட்டு வந்தது உண்மை. காவல் துறை ஊறல்களை அழித்த செய்திகள் வருடந்தோறும் வந்தன. ஆனால் கருணாபுரத்தில் உயிர் குடித்தது மெத்தனால். ஊறல் போட்டுக் காய்ச்சி எடுக்கும் சரக்கு அது கிடையாது, தொழிற்சாலை ரசாயனம். லாரியிலும் வண்டியிலும் கைமாறி, வியாபாரிகள் கை வழியாக வந்து சேருவது. அந்த விநியோகச் சங்கிலியை விவரிக்க உழைப்பு வேண்டும், பெயர்கள் வேண்டும். 'அந்த மலைக்காரர்கள் அப்படித்தான்' என்று சொல்ல ஒன்றும் வேண்டாம். நூறு வருடத்துக்கு முன்பே அச்சு தயாராகிவிட்டது. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலை அது. சாலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் அங்கே எவ்வளவு போயிருக்கின்றன என்ற கேள்வியை இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது.

பாட்டுக்கு வருவோம். சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டார் பாடல்கள் பற்றிய தன் நூலை 1871-இல் வெளியிட்டார். ஐ.சி.எஸ். அதிகாரி பெர்சி மாக்வீன் சேர்த்துவைத்த பாடல்களைக் கி.வா.ஜகந்நாதன் பதிப்பிக்க, 'மலையருவி' என்ற பெயரில் தஞ்சை சரசுவதி மகால் 1958-இல் கொண்டுவந்தது. நா.வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964-இல் வந்தது. அதில் ஒப்பாரிக்கும் இடமுண்டு. உழைக்கும் மக்களின் குரலை வரலாற்றுச் சான்றாக மதித்தவர் நா.வா.; அவருடைய அரசியல் அக்கறையைச் சந்தேகிக்க இடமே இல்லை. இருந்தும் அந்தத் தொகுப்பின் பக்கங்களைப் புரட்டினால் பாடல்களுக்குக் கீழே சேகரித்தவர் பெயரும் வட்டாரமும் கிடைக்கின்றன. பாடியவர் பெயர் அபூர்வம். இத்தனைக்கும் வட்டாரச் சொல்லுக்குப் பொருள் எழுதும் அளவுக்குக் கவனமான பதிப்பு அது. ஆக இது அலட்சியத்தால் வந்த விடுபடல் என்று ஒதுக்க முடியாது. நாட்டார் பாட்டு என்றால் அதற்கு ஆசிரியர் கிடையாது, அது காற்றில் இருப்பது, யார் வாய் வழியாகவும் வரலாம் என்ற நம்பிக்கை எல்லோரிடமும் இருந்தது. அந்த நம்பிக்கையைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

ஒப்பாரி எப்படி உருவாகிறது என்று பக்கத்திலிருந்து பார்த்தால் அது தானாக வழியும் அழுகை என்ற எண்ணம் நிற்காது. வட தமிழ்நாட்டு இழவு வீட்டில் பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்காருகிறார்கள். புதிதாக ஒருத்தி வாசலில் நுழையும்போதே குரல் எடுத்துக்கொண்டு வருவாள். உட்கார்ந்திருப்பவர்கள் நகர்ந்து அவளை வட்டத்துக்குள் இழுத்துக்கொள்வார்கள். ஒருத்தி அடி எடுப்பாள். அடியின் முடிவில் 'என்னப் பெத்தவளே', 'என் சாமி' என்று ஒரு விளி. அந்த விளியை இழுக்கும் நேரத்தில்தான் அடுத்த அடி மனதுக்குள் தயாராகிறது. விம்மல் மூச்சு வாங்கும் இடமாகிறது. முதல் அடியில் ஒரு பொருள், இரண்டாம் அடியில் அதற்கு எதுகையாக இன்னொரு பொருள், பிறகு இரண்டையும் உடைத்துப்போடும் ஓர் இழப்பு: இந்த அமைப்பு பல ஒப்பாரிகளில் திரும்பத் திரும்ப வரும். கூரை வீட்டில் உட்கார்ந்துகொண்டு தங்கத்தையும் பவளத்தையும் அடுக்கு மாளிகையையும் பாடுவாள். கேட்கிறவர்களுக்கு அது பொய்யாகத் தோன்றாது. செத்தவர் இருந்தவரை தனக்கிருந்த மதிப்பு அது என்று தெரியும். நடுவே, யார் காதில் விழ வேண்டுமோ அவர் காதில் விழும்படி ஒரு சேதி வரும். கோடித்துணி கொண்டுவராத அண்ணன், சொத்தில் பங்கு தராத மாமனார் வீடு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதித்த கொழுந்தன். மற்ற நாளில் சொன்னால் சண்டையாகும் வார்த்தை அன்றைக்குப் பாட்டாகச் சொல்லப்படுவதால் யாரும் குறுக்கே பேச முடிவதில்லை. வாசலில் பறை அடிக்கிறவர்கள்கூட அடியைத் தாழ்த்துவார்கள். பழகிய வடிவம், அந்த நேரத்துக்கென்று தேர்ந்த சொல், குறிவைத்த கேட்பவர்: ஒரு படைப்புக்கு வேறென்ன வேண்டும்?

இதைக் கண்டுகொண்டவர்களும் மானிடவியலிலிருந்தே வந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். மார்கரெட் ட்ராவிக், பறையர் சமூகப் பெண்களின் அழுகைப் பாடல்களைப் பற்றி 1986-இல் எழுதிய கட்டுரையில், அவற்றின் உருவத்தையே எடுத்துப் பேசினார். எங்கே திரும்பச் சொல்கிறார்கள், எங்கே முறிக்கிறார்கள் என்பதிலேயே பொருள் இருக்கிறது என்று காட்டினார். சாதாரணமாகப் புலவர்களுக்குத்தான் அந்த மாதிரி வாசிப்பு கிடைக்கும். பிறகு இசபெல் கிளார்க்-தெசே, பழைய தென்னார்க்காட்டுப் பகுதியில் களப்பணி செய்து 2005-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒப்பாரி, சாவில் ஆண்கள் பாடும் பாட்டு, சுடுகாட்டு முறையீடு மூன்றையும் அது சேர்த்துப் பார்க்கிறது. செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்ற பொருள்படும் தலைப்பு. ஒப்பாரி பாடும் பெண் தன் வாழ்வில் தனக்கு நேர்ந்த இழப்புகளையே அழுகிறாள் என்பது அந்த நூல் கொண்டுசெல்லும் வாதம். 'அடுத்த வீட்டு இழவில் தன் குறையை அழுகிறாள்' என்று நம் ஊரிலேயே சொல்வதுண்டு. அவர் அதை ஆழமாக எடுத்துச் சென்றார். கருணாபுரத்துக்கு அண்மைய நிலம் என்று சொல்லத்தக்க பகுதியிலிருந்து வந்த இந்த ஆய்வு நம் பல்கலைக்கழகங்களில் இன்னும் பரவலாகப் படிக்கப்பட வேண்டும்.

ஆனாலும் கருணாபுரத்தை மனதில் வைத்துப் பார்த்தால் அந்த வாதம் பாதி வழியில் நின்றுவிடுவதாகவே எனக்குப் படுகிறது. தன் குறையை அழுகிறாள் என்பது சரி. அந்தக் குறை அவளுக்குள்ளேயே முடிந்துபோவதில்லை. 2024 ஜூனில் அந்தத் தெருப் பெண்கள் செய்தியாளர்களிடம் சொன்னது என்ன? சாராயம் எங்கே விற்றது, எவ்வளவு பக்கத்தில் விற்றது, காவல் நிலையம் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது, யாரிடமெல்லாம் சொல்லியும் நிறுத்தவில்லை என்பதைத்தான். ஒப்பாரியில் கோடித்துணி கொண்டுவராத அண்ணன் இருக்கும் இடத்தில் இங்கே அரசு இருந்தது. கேட்பவர் மாறினார்; பாட்டின் வேலை மாறவில்லை. துக்கத்தை மனநிலையாக மட்டும் படிக்கும் மானிடவியலுக்கும், அழகாக மட்டும் கேட்கும் கலைக்கும் இந்த முறையீடு காதில் விழாது. பாரி மகளிர் பாட்டிலிருந்து வேந்தர்களை எடுத்துவிட்டு நிலவை மட்டும் வைத்துக்கொண்டால் எப்படி இருக்குமோ, அப்படி.

இங்கே சிலர் கேட்கக்கூடும்: புருஷனைப் பறிகொடுத்து அழுகிறவளைக் கவிஞர் என்பது அவள் துக்கத்தைக் கொச்சைப்படுத்துவதாகாதா? செத்த வீட்டுக்குப் போய் இலக்கிய நயம் பார்ப்பது மனிதத்தன்மையா? பார்ப்பவர் துக்கம் விசாரிக்க வந்தவராக இல்லாமல் நயம் பார்க்க மட்டும் வந்திருந்தால், கேள்வி நியாயமே. ஆனால் கலை என்று ஒத்துக்கொள்வதால் துக்கம் குறைந்துவிடும் என்ற எண்ணத்தை நம் மரபே ஏற்கவில்லை. தொல்காப்பியம் இழவுக்குப் புலம்புவதைக் கையறுநிலை என்று ஒரு துறையாகவே வைத்தது. பாரிக்காகக் கபிலர் பாடியவற்றில் துக்கமும் தேர்ச்சியும் தனித்தனியாக இல்லை. அழுகிறவருக்குத் தேர்ச்சி இருக்கக்கூடாது என்பது, அவர் ஏழையாகவும் எழுதப் படிக்கத் தெரியாதவராகவும் இருக்கும்போது மட்டும் நாம் போடும் நிபந்தனை.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. ஒப்பாரி பொதுச் சொத்து. அதே உவமை, அதே அடி, பத்து ஊரில் பத்துப் பெண்கள் பாடுகிறார்கள். இதில் ஒருத்தியின் பெயரை எப்படி ஒட்டுவது என்று கேட்கிறார்கள். பொதுச் சொத்து என்பது உண்மைதான். சங்கப் பாட்டும் பொதுச் சொத்திலிருந்தே எழுந்தது. குறிஞ்சி என்றால் மலையும் கூதிர்ப் பருவமும் யாமமும், பாலை என்றால் சுரமும் பிரிவும். தோழி பேச வேண்டியதும் தாய் பேச வேண்டியதும் முன்பே வகுத்த வழக்கு. ஆனாலும் தொகுத்தவர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் ஆளைத் தேடினார்கள். பெயர் தெரியாமல் போன பாட்டுகள் சிலவற்றுக்கு, 'பாடியவர் பெயர் இல்லை' என்று விட்டுவிடாமல் பாட்டின் உவமையிலிருந்தே பெயர் செய்து கொடுத்தார்கள். செம்புலப்பெயனீரார் அப்படி வந்தவர், தேய்புரிப் பழங்கயிற்றினாரும் மீனெறி தூண்டிலாரும் அப்படித்தான். ஒருவர் சொன்ன உவமை அவருடையது என்பதில் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பு நமக்கு இருந்த உறுதி இடையில் எங்கேயோ போய்விட்டது. அந்தத் தொகுப்பாளர்களிடமும் ஒரு குறை உண்டு. பாரி மகளிருக்கு அவர்கள் சொந்தப் பெயர் வைக்கவில்லை. தகப்பன் பெயரால்தான் குறித்தார்கள். அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பின்னால் வந்த கதைமரபு தந்தவை. பெண் பாடினால் பெயர் நழுவுவது பழைய நோய்தான்.

கலையுலகம் பெயரை நழுவவிடும்போது அதன் விளைவு பணமாகவும் புகழாகவும் தெரிகிறது. ஹியூகோ ஸெம்ப் என்ற இசை மானிடவியலாளர், சாலமன் தீவுகளின் மலைட்டாவில் அஃபுனாக்வா என்ற பெண் பாடிய தாலாட்டைப் பதிவு செய்தார். யுனெஸ்கோ வரிசையில் அது இசைத்தட்டாக 1970-களில் வந்தது. 1992-இல் 'டீப் ஃபாரஸ்ட்' என்ற பிரெஞ்சு இசைக்குழு அந்தக் குரலை எடுத்துத் தாளம் சேர்த்து ஒரு பாட்டு செய்தது, உலகெங்கும் விற்றது. விளம்பரங்களில்கூட ஒலித்தது. பாடியவளுக்கு ஒன்றும் போகவில்லை. பதிவு செய்தவரே எதிர்த்து எழுதினார். அழகான தாலாட்டு என்று உலகம் தலையாட்டிக் கேட்ட அந்தப் பாட்டு, தகப்பன் செத்துப்போன வீட்டில் மூத்த பிள்ளை இளையதைச் சமாதானப்படுத்தும் பாட்டு. மொழி தெரியாமல் குரலை மட்டும் எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்த இழவு தெரியவில்லை. நம்மூரில் 2021-இல் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. நிலமற்ற உழைப்பாளிகளின் நினைவும் ஒப்பாரியின் சாயலும் கலந்த பாட்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டைப்படத்தில் பாட்டை எழுதிப் பாடிய கலைஞர் அறிவின் படம் இல்லை. இயக்குநர் பா.இரஞ்சித் அதை வெளிப்படையாகக் கேட்டார். யார் எவ்வளவு உரிமை கொண்டாடலாம் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. சென்னையில், கேமரா முன்னால், எழுத்தறிவும் மேடையும் உள்ள ஒரு கலைஞருக்கே பெயர் விடுபடுகிறது. மேடையே இல்லாத இழவு வீட்டுப் பெண்ணின் நிலையை அதிலிருந்து ஊகிக்கலாம். அதே ஆண்டு 'கர்ணன்' படத்தில் 'கண்டா வரச்சொல்லுங்க' பாடிய கிடாக்குழி மாரியம்மாள் பெயரோடு அறியப்பட்டார். மனம் வைத்தால் முடிகிற காரியம்தான் என்பதற்கு அதுவே போதும்.

கலைக்கு வேலி போட்டால் கலை செத்துவிடும், எல்லாக் கலையும் கடன் வாங்கித்தான் வளர்ந்தது என்று இதற்குப் பதில் வரும். கடன் வாங்க வேண்டாம் என்று யார் சொன்னது? வில்லிபுத்தூரார் வியாசரிடம் வாங்கினார்; வாங்கினார் என்பது எல்லோருக்கும் தெரியும். கூத்துக் கலைஞர்கள் வில்லிபாரதத்திலிருந்து வாங்கினார்கள். நவீன நாடகக்காரரான ந.முத்துசாமி புரிசைக் கூத்திலிருந்து கற்றார்; கற்றதை ஊரறியச் சொன்னார்; புரிசை கண்ணப்ப தம்பிரானின் பெயர் அவரோடு சேர்ந்தே பேசப்பட்டது. கடன் கொடுத்தவரின் பெயரைச் சொல்வதால் முத்துசாமியின் படைப்பு சிறுத்துப்போகவில்லை.

மூன்றாவது மறுப்புக்கு முன்னால் நானும் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. மானிடவியலாளர்கள் பெயரை மறைப்பது திருட்டுக்காக இல்லை, பாதுகாப்புக்காக. ஊரைப் பகைத்துக்கொள்ளும் ஒரு வார்த்தை அச்சில் வந்தால் எழுதியவர் விமானம் ஏறிவிடுவார்; சொன்னவள் அந்தத் தெருவிலேயே இருக்க வேண்டும். கருணாபுரம் விஷயத்தில் இந்த ஆபத்து இன்னும் கூர்மையானது. சாராயம் விற்றவர் அடுத்த தெருக்காரராகவே இருக்கலாம். வழக்கை 2024 நவம்பரில் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு மாற்றியது. இப்படிப்பட்ட வழக்கில் பெயர் சொல்வது சாதாரண விஷயமா? இல்லை. அதனால்தான் பெயர் போடுவதா மறைப்பதா என்ற முடிவு அவளுடையதாக இருக்க வேண்டும் என்கிறேன். இன்று அந்த முடிவைப் பல்கலைக்கழகத்தின் விதிமுறையோ, ஆசிரியர் மேசையோ எடுக்கிறது. ஒருத்தி தன் பாட்டுக்குத் தன் பெயர் வேண்டும் என்றால், உன் நன்மைக்காகவே அதை நீக்குகிறோம் என்று சொல்வதும் ஒரு வகை அதிகாரம். வேண்டாம் என்றால், புனைபெயர் ஒன்றை அவளே தேர்ந்துகொள்ளட்டும். மறைத்த பெயருக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார் என்பது வாசகருக்குத் தெரியும். 'நாட்டார் பாடல்' என்று பொத்தாம் பொதுவாகப் போட்டால் ஆளே இல்லையென்றாகிவிடுகிறது.

பெயர் வந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. மத்தியப் பிரதேசத்துப் பர்தான் கோண்டு ஓவியர் ஜன்கர் சிங் ஷியாமை, 1980-களின் தொடக்கத்தில் ஜெ.சுவாமிநாதன் போபாலின் பாரத் பவனுக்குக் கொண்டுவந்தார். பழங்குடி ஓவியத்தை நவீன ஓவியத்தோடு ஒரே கூரையின் கீழ் வைக்கும் துணிச்சல் அங்கே இருந்தது. ஜன்கரின் பெயரில் ஒரு பாணியே உருவானது. அந்தப் புகழோடு ஜப்பானின் மிதிலா அருங்காட்சியகத்துக்கு வரையப் போனவர் 2001-இல் அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார். பெயர் கிடைத்தது, தன் வேலையின் நிபந்தனைகளைத் தானே வகுக்கும் நிலை கிடைத்ததா என்ற கேள்வி பிறகும் எழுந்துகொண்டே இருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு வேறு மாதிரி ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நெதர்லாந்திலிருந்து கூத்தை ஆராய வந்த ஹன்னே தெ புருயின், நடிகரும் ஆசிரியருமான பெ.ராஜகோபாலோடு சேர்ந்து வேலை செய்தார். 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கத்தில் நடிகர்களே உறுப்பினர்கள். பிறகு காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் குழந்தைகளுக்கான குருகுலமும் நடந்தது. பெண் பிள்ளைகளும் கூத்தாடக் கற்றார்கள். ஆராய்ந்தவர் எழுதியது மேடையில் ஆடுகிறவர்களுக்குத் திரும்பிப் போனது. ஆடுகிறவர்கள் எது தங்கள் கலை, அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று திருத்தினார்கள். மானிடவியலும் கலையும் அங்கே பல வருடம் ஒரே வீட்டில் குடித்தனம் செய்தன.

கருணாபுரத்துக்கு அப்படி ஒன்று இன்றைக்கு வேண்டும். இனி அங்கே ஆய்வு மாணவர் போவார், குறும்படக்காரர் போவார், நாவலாசிரியர் போவார், போகட்டும். அரசு நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி பி.கோகுல்தாஸ் ஆணையம் வாக்குமூலம் கேட்டது, வழக்கு சி.பி.ஐ.க்கும் போனது. அந்த இடங்களில் கேள்விக்குப் பதில் மட்டும்தான் சொல்ல முடியும். தன் இழப்பைத் தன் வரிசையில், தன் சொல்லில் சொல்லும் இடம் அந்தப் பெண்களுக்கு ஒப்பாரிதான். மாவட்டத்தில் உள்ள அரசுக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகள் இதை எடுத்துச் செய்யலாம். வட்டாரத்துப் பெண் மாணவிகளே பதிவு செய்யலாம்; இந்தப் பேச்சுவழக்கு அவர்கள் வீட்டுப் பேச்சு. விருப்பமுள்ளவர்களிடம் மட்டும், துக்கம் ஆறிய பின், அவர்கள் பாட விரும்பும் நேரத்தில். பதிவின் ஒரு படி பாடியவர் வீட்டில் இருக்க வேண்டும். யாருக்குக் கேட்கக் கொடுக்கலாம், எதை மூடிவைக்க வேண்டும் என்று அவர் எழுத்தில் சொல்ல, கல்லூரி அதற்குக் கட்டுப்பட வேண்டும். சினிமாவோ இசை நிறுவனமோ ஓர் அடியைக் கேட்டு வந்தால் அவரிடம் கேட்டு, அவருக்குப் பணம் கொடுத்து, அவர் பெயரைப் போட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். பாடலாசிரியர்களுக்கு ஏற்கெனவே நடக்கும் நடைமுறைதான் இது. அந்தத் தொகுப்பு அச்சில் வரும்போது பொருளடக்கத்தில் 'ஒப்பாரிகள்' என்ற ஒற்றைத் தலைப்பு போதாது. ஒவ்வொரு பாட்டுக்கும் பாடியவர், யார் இறந்தபோது பாடினார், யாரை நோக்கிப் பாடினார் என்ற மூன்றும் வேண்டும்; புறநானூற்றுப் பாட்டுக்குக் கீழே பாடியவர், பாடப்பட்டவர், திணை, துறை என்று இருக்கிறதே, அதே மாதிரி. அதைப் படிக்கிற ஒரு பள்ளிப் பிள்ளைக்கு, திருக்கோவிலூர்ப் பாறையின் கதையும் கருணாபுரத்துத் தெருவின் கதையும் ஒரே பாடத்தில் கிடைக்க வேண்டும்.